புது எஞ்சினைத் தாலாட்டாதீர்கள்

சென்ற மாதம் என் மகள் புதுக் கார் வாங்கினாள். சொந்தச் சம்பாத்தியம், வங்கிக் கடன், ஐந்து வருடத் தவணை. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டி வீட்டு வாசலில் வந்து நின்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் திண்ணையில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன.

முதல் கட்சியின் தலைவர் என் மைத்துனர். "அத்தான், ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதைத் தாண்டக் கூடாது. டாப் கியர்ல போட்டு மெதுவா உருட்டிக்கிட்டே போகணும். ஆக்சிலரேட்டருக்கும் காலுக்கும் நடுவுல ஒரு முட்டை இருக்கிற மாதிரி நினைச்சுக்கணும்."

இரண்டாவது கட்சி மாப்பிள்ளை. "அதெல்லாம் அந்தக் காலம் மாமா. இப்ப ஃபேக்டரியிலயே எல்லாத்தையும் முடிச்சுத்தான் அனுப்புறாங்க. ரன்னிங்-இன் எல்லாம் கிடையாதுன்னு ஷோரூம் பையனே சொன்னான்."

மூன்றாவது கட்சி பேரன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "தாத்தா, ரெண்டு பேரும் தப்பு. புது எஞ்சினை முதல் முப்பது கிலோமீட்டர்லயே நல்லா மிதிச்சு ஓட்டினாத்தான் ஃப்ரீ ஆகும். வீடியோ இருக்கு, காட்டவா? ஈ.சி.ஆர்ல காலாப்பட்டு தாண்டினதும் ஒரு நூத்திநாப்பது போய்ப் பார்த்துடலாம்."

கடன் கட்டப்போகிறவள் என் மகள். அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க சொல்லுங்க."

"மூணு பேரும் தப்பு" என்றேன். மாப்பிள்ளை மரியாதைக்குச் சிரித்தார். பேரன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மைத்துனர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் எழுதியதுதான் இது. படிக்கும் உங்கள் வீட்டிலும் இந்த மூன்று கட்சிகளில் ஒன்றாவது இருக்கும். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள். நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்பதும் நடுவில் வரும்.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். ஆங்கிலத்தில் இதை ரன்னிங்-இன் என்பார்கள், அமெரிக்கர்கள் பிரேக்-இன் என்பார்கள். பிரெஞ்சில் ரொதாஜ். அதன் வினைச்சொல் ரொதே. ஏறக்குறைய இதே உச்சரிப்பில் இன்னொரு ரொதேயும் உண்டு. அதற்கு ஓ எழுத்தின் தலையில் ஒரு தொப்பிக் குறி இருக்கும். தொப்பி வைத்த ரொதே என்றால் வேலை வெட்டி இல்லாமல் சுற்றித் திரிவது, நோட்டம் விட்டுக்கொண்டு அலைவது. தொப்பி இல்லாத ரொதே என்றால் இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருந்த வைப்பது. கொறித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. திக்தே எழுதும்போது இந்தத் தொப்பியைத் தவறாகப் போட்டு எங்கள் முசியேயிடம் நான் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது.

புதுக் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது தொப்பி வைத்த ரொதே. எஞ்சினுக்கு வேண்டியது தொப்பி இல்லாதது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துப் பொருத்துவது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எது எதோடு பொருந்த வேண்டும்? எஞ்சினுக்குள் சிலிண்டர் என்று ஒரு குழல். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் வளையங்கள், அதாவது ரிங்குகள், இருக்கின்றன. காரில் பெரும்பாலும் ஒரு பிஸ்டனுக்கு மூன்று. எரியும் வாயு கீழே கசியாமல் தடுப்பதும், கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறாமல் வழித்துவிடுவதும் அவற்றின் வேலை.

அந்தச் சிலிண்டர் சுவரைத் தொழிற்சாலையில் கண்ணாடி மாதிரி வழவழப்பாக விடுவதில்லை. வேண்டுமென்றே சாய்கோடுகளாக, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி, மிக நுண்ணிய கீறல்கள் போடுகிறார்கள். ஹோனிங் என்று அதற்குப் பெயர். "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அந்தக் கொத்துதான் இது, கண்ணுக்குத் தெரியாத அளவில். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். புதிதாகக் கொத்திய அம்மியில் நேராகச் சமையலுக்கு அரைத்தால் சாப்பாட்டில் கல் கடிக்கும். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் முதலில் தவிட்டையோ அரிசியையோ போட்டு அரைத்துக் கழுவிக் கொட்டிப் பழக்கினார்கள். எஞ்சினிலும் கீறலின் பள்ளங்களில் ஆயில் தங்க வேண்டும். கீறலின் மேடுகளும் ரிங்கின் விளிம்பும் ஒன்றையொன்று கொறித்துப் பொருந்த வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? ரிங்குக்குச் சொந்தமாக வில் போன்ற விறைப்பு உண்டு, ஆனால் அது கொஞ்சம்தான். பெரிய அழுத்தம் எரியும் வாயுவிலிருந்து வருகிறது. அந்த வாயு ரிங்குக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் புகுந்து ரிங்கை வெளியே தள்ளிச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. எஞ்சின் சுமை இழுக்கும்போது வாயுவின் அழுத்தம் அதிகம். தொட்டும் தொடாமலும் ஓட்டும்போது குறைவு.

ஆகவே, எஞ்சினுக்கு வேலையே கொடுக்காமல் வைத்திருந்தால் ரிங் ஒழுங்காகப் பொருந்தாது. பொருந்தாத ரிங்கின் வழியே சூடான வாயு கீழே கசியும், ஆயில் மேலே ஏறும். ஏறிய ஆயில் சுவரிலேயே கருகி, வார்னிஷ் அடித்தது போலப் படிந்து, கீறல்களை அடைத்துவிடும். சுவர் பளபளவென்று ஆகிவிடும். அதன் பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் அந்த ரிங் வழுக்கிக்கொண்டேதான் போகும். எஞ்சினைப் பிரித்து மறுபடியும் கீறல் போடுவதுதான் வழி.

சரி, வேலை கொடுப்பதுதானே முக்கியம், ஏறி மிதித்துவிடலாமே என்கிறான் பேரன். புதுப் பரப்பில் மேடுகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. உச்ச வேகத்தில் தொடர்ந்து தேய்த்தால் அந்த முனைகளில் கடும் சூடு பிறக்கும். ஆயில் படலம் அறுந்து உலோகத்தில் உலோகம் உரசினால், கொறிப்பதற்குப் பதிலாகக் கடித்துக் குதறிவிடும். அந்தக் காயம் ஆறாது.

இனி கட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. இன்றைய எஞ்சின்களில் கீறல் போட்ட பிறகு மேடுகளின் கூர்முனைகளையும் சீவிச் சமன்படுத்திவிடுகிறார்கள். ரிங்குகளுக்குக் கடினமான பூச்சு கொடுக்கிறார்கள். அளவுகளும் மிகத் துல்லியம். அந்தக் காலத்துக் கார்க்காரன் ஆயிரம் இரண்டாயிரம் மைல் தவம் கிடந்தது போல் இன்று கிடக்க வேண்டியதில்லை. ஆனால் "கிடையவே கிடையாது" என்று சொல்கிற விற்பனைப் பையன், அவன் விற்கிற காரின் கையேட்டையே படிக்கவில்லை என்று அர்த்தம். கிளவ் பாக்ஸைத் திறந்து பாருங்கள். இன்றும் பெரும்பாலான கையேடுகளில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பொதுவாக முதல் 1000 கிலோமீட்டர் என்று இருக்கும். சிலவற்றில் 960 என்று இருக்கும். இதென்ன ஜோசியக்காரன் சொல்கிற மாதிரி ஒரு எண் என்று யோசிக்காதீர்கள், 600 மைலைக் கிலோமீட்டராக்கிய கணக்கு அது. எஞ்சினைச் செய்தவனே ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருக்கும்போது, அதை விற்கிறவன் வாய்வார்த்தையால் ரத்து செய்ய முடியாது. அரசாணையை டவாலி ரத்து செய்த கதையை நான் சர்வீஸில் பார்த்ததில்லை.

மேலும், புதிது எஞ்சின் மட்டுமா? பிரேக் பேடும் டிஸ்க்கும்கூட ஒன்றோடொன்று பொருந்த வேண்டியவைதான். முதல் 300 கிலோமீட்டர் அளவுக்குத் திடீர்ப் பிரேக்கைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும், கொஞ்சம் தேய்ந்த பிறகே சாலையை நன்றாகப் பிடிக்கும். கியர் பற்களும் அப்படியே. மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். டயரும் பிரேக்கும் அவர்களுக்கும் உண்டு.

பேரன் கட்சியிலும் பாதி உண்மை இருக்கிறது. சுமை இல்லாமல் ரிங் பொருந்தாது என்பது அவன் வீடியோவிலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பந்தய எஞ்சினை உதாரணம் காட்டுகிறார்கள். பந்தய எஞ்சினைச் சில பந்தயங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்டுகிறார்கள். அதற்கென்று ஆளும் பணமும் உண்டு. என் மகளின் கார் ஐந்து வருடத் தவணை முடியும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவளை ஆபீசுக்கு அழைத்துப் போக வேண்டும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய எஞ்சினும் இருபது சுற்று ஓட வேண்டிய எஞ்சினும் ஒன்றா? தவிர, பழகாத வண்டி, பிடிக்காத டயர், பொருந்தாத பிரேக், இதில் 140. ஈ.சி.ஆரில் மாடு குறுக்கே வந்தால் வீடியோக்காரன் வந்து நிறுத்துவானா?

இப்போது முதல் கட்சி. இதில்தான் எனக்கு அதிகக் கோபம். ஏனென்றால் இந்தக் கட்சியை ஆரம்பித்தவன் நான். அந்த முட்டை உவமையே என்னுடையது. மைத்துனர் அதை 1988-ல் என்னிடம்தான் கற்றுக்கொண்டார்.

1988-ல் கார் வாங்கினேன். எழுத்தர் வேலைக்குக் கார் என்றால் ஆபீசில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அரசு முன்பணம் கொஞ்சம், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் கொஞ்சம், என் மனைவியின் நான்கு வளையல்கள் அடகுக் கடையில். சின்ன வெள்ளைக் கார். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சில் படித்தவனுக்கு ஆங்கிலம் கோப்பு எழுதும் அளவுக்குத்தான் வரும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். அந்தக் கையேட்டை பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்துப் பூட்டினேன்.

எனக்கு வழிகாட்டி என் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரான்சில் புதுக் கார் வாங்கினால் பின் கண்ணாடியில் "ஆன் ரொதாஜ்" என்று அட்டை மாட்டிக்கொண்டு ஓரமாகப் போவார்கள், நாற்பதைத் தாண்ட மாட்டார்கள் என்று சிறு வயதில் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அட்டை மாட்டியது உண்மைதான். இங்கிலாந்திலும் அப்படி மாட்டினார்கள். எந்த நாற்பது, மைலா கிலோமீட்டரா, எந்தக் கியரில், எந்தக் காரில் என்று நான் அவரைக் கேட்கவில்லை. அந்தக் காலத்துக் கரடுமுரடான சிலிண்டருக்குச் சொன்ன புத்திமதியை அப்படியே தூக்கி என் காருக்கு மாட்டினேன்.

தினமும் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, சந்தில் பத்து நிமிடம் சும்மா ஓட விடுவேன். எஞ்சின் சூடாக வேண்டுமாம். சோக் இழுத்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு ஆபீசுக்கு மூன்று கிலோமீட்டர். நாலாவது கியர், முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம், காலடியில் முட்டை. ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர்வரை போய்த் திரும்பினால் அது நீண்ட பயணம். கோரிமேட்டு ஏற்றத்தில்கூட மிதிக்க மனம் வராது. "உங்க வண்டியை மாட்டு வண்டி ஓவர்டேக் பண்ணுது சார்" என்று ஆபீசில் கேலி செய்தார்கள். பெருமையாக இருந்தது எனக்கு. என்னைப் போல் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவன் இந்த ஊரில் இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது வருடம் பின்னால் நீலப் புகை. ஆயில் ஊற்ற ஊற்றக் குறைந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. காந்தி வீதிக்குப் பின்புறம் ஒரு சந்தில் மேஸ்திரி ஒருவர் ஷெட் வைத்திருந்தார். அவர் எஞ்சினைப் பிரித்து என்னை அழைத்து டார்ச் அடித்துக் காட்டினார்.

"பாருங்க சார், மூஞ்சி தெரியுது. போர் இப்படிப் பளபளன்னு இருக்கக் கூடாது. வண்டியை எப்படி ஓட்டுவீங்க?"

"நானா? குழந்தை மாதிரி வச்சிருக்கேன். நாப்பதைத் தாண்டினதே இல்ல."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதான் சார். நீங்க வண்டியை ஓட்டல. தாலாட்டியிருக்கீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போர் போட்டு, புது பிஸ்டன், புது ரிங் செட் மாற்றியதில் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. ஆறாம் வகுப்புக்குப் போன மகளுக்கு அந்த வருடம் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை. வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? மேஸ்திரி ஏமாற்றிவிட்டான், நன்றாக இருந்த எஞ்சினைப் பிரித்துப் பணம் பிடுங்கிவிட்டான் என்றேன். ஆபீசிலும் அதையே சொன்னேன். அரசு ஊழியர்கள் நாலு பேர் அந்த ஷெட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள். நான் சொன்னதால்தான் நிறுத்தினார்கள்.

1999-ல் அந்தக் காரை விற்றேன். வாங்க வந்தவர் கையேடு கேட்டார். பீரோவிலிருந்து எடுத்து, பதினொரு வருடம் கழித்து உறையைப் பிரித்தேன். கொடுப்பதற்கு முன் சும்மா புரட்டினேன். ரன்னிங்-இன் என்று ஒரு பக்கம். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, வேகத்தை மாற்றிக்கொண்டே இரு என்று இருந்தது. அதற்கும் கீழே, உயர்ந்த கியரில் மெதுவாக ஓட்டாதே என்று ஒரு வரி. கோப்பு ஆங்கிலம் தெரிந்த எவனுக்கும் புரிகிற ஆங்கிலம்தான். நின்றபடியே இரண்டு தரம் படித்தேன். பிறகு மூடி அவரிடம் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மேஸ்திரியைத் தேடிப் போகவும் இல்லை. பல வருடம் கழித்து அந்தச் சந்து வழியாகப் போனபோது ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

ஆகவே மைத்துனரே, உங்கள் மீது கோபமில்லை. நான் விதைத்தது உங்கள் வாயில் முளைத்து என் மகளின் காருக்கு வந்து நிற்கிறது. அதைப் பிடுங்க வேண்டியதும் நான்தான்.

இனி செய்ய வேண்டியது என்ன? அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். தகுதிகாண் பருவம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இரண்டு வருடம் வேலையே கொடுக்காமல் நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் பிறகு எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் போவான். சேர்ந்த அன்றே செக்‌ஷனின் எல்லாக் கோப்புகளையும் தலையில் கட்டினால் ஓடிப்போவான். எல்லா வகை வேலையும், அளவோடு, மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எஞ்சினுக்கும் அவ்வளவுதான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட விடாதீர்கள். ஆயில் மேலே ஏற அரை நிமிடம் போதும். பிறகு கிளம்பி, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், பிஸ்டனும் இன்னும் தன் அளவுக்கு விரியவில்லை. பல கார்களில் டாஷ்போர்டில் நீல விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுமை.

சூடான பிறகு வேலை கொடுங்கள். மூன்றாவது கியரில் பாதி மிதி கொடுத்து வேகத்தைக் கூட்டுங்கள், பிறகு காலை எடுத்துத் தானாகக் குறைய விடுங்கள். மறுபடியும் கூட்டுங்கள். கூட்டும்போது ரிங் சுவரில் அழுந்தும், குறையும்போது சூடு தணிய அவகாசம் கிடைக்கும். ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிப்பது மட்டும் வேண்டாம். சாதாரணப் பெட்ரோல் காரில் ஆர்.பி.எம். முள் 3500, 4000-ஐத் தாண்ட வேண்டியதில்லை. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம். அதேபோல் உயர்ந்த கியரில் வண்டி உதறிக்கொண்டு முனகினால் உடனே கியரைக் குறையுங்கள். முனகல் அடக்கத்தின் அறிகுறி அல்ல, பேரிங்குகள் படும் அவஸ்தை.

ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் போகாதீர்கள். எண்பதில் குரூஸ் கன்ட்ரோல் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பதை ஆயிரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மகளை நான் ஈ.சி.ஆருக்கு அனுப்பவில்லை. கோரிமேடு ஏறி, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போய் வரச் சொன்னேன். ஊர்கள், வேகத்தடைகள், வளைவுகள், கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் நல்ல சாலை. போக வர 200 கிலோமீட்டருக்கு மேல். கேட்காமலே எஞ்சினுக்கு எல்லா வகை வேலையும் கிடைத்தது. அருணாசலேசுவரர் தரிசனமும் கிடைத்தது.

வாரம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ரிங் பொருந்தும்வரை புது எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம். முதல் ஆயிலை ஐந்நூறிலேயே மாற்றச் சொல்லிச் சிலர் கிளம்புவார்கள். சில கம்பெனிகள் முதல் ஆயிலை அவசரப்பட்டு மாற்றாதே என்றே எழுதுகின்றன. இங்கும் கையேடு சொன்ன கிலோமீட்டர்தான் கணக்கு. முதல் சர்வீஸைத் தள்ளிப் போடாதீர்கள், முந்தவும் வேண்டாம். முதல் ஆயிரத்தில் பின்னால் எதையும் கட்டி இழுக்காதீர்கள், மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறாதீர்கள்.

இவ்வளவுதான். ரகசியம் எதுவும் இல்லை. செலவும் இல்லை. காலுக்குக் கீழே இருப்பதாக நினைத்த முட்டையைத் தூக்கிப் போட்டால் போதும்.

மூன்றாம் நாள் மைத்துனர் வந்தார். "நானும் இதைத்தானே அத்தான் சொன்னேன், நிதானமா ஓட்டணும்னு" என்றார். ஒப்புக்கொண்டேன். உறவு முக்கியம்.

திருவண்ணாமலையிலிருந்து திரும்பி வந்த அன்று இரவு மகளிடம் சைக்கிள் கதையைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாக அவளும் அந்த மேஸ்திரி ஏமாற்றியதாகத்தான் நம்பியிருந்தாள். சைக்கிளுக்காகக் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த மேஸ்திரி பாவம் இல்லியாப்பா?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியாது. அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். புதுக் கார் வாங்குகிறவர்கள் நாலு பேராவது இதைப் படித்துவிட்டு, இன்றைக்கே கிளவ் பாக்ஸைத் திறந்து, அந்தக் கையேட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால், நான் கெடுத்த அவருடைய நாலு வாடிக்கைக்குக் கணக்கு ஓரளவு சரியாகும் என்று நினைத்துக்கொள்கிறேன்.